சின்னம்மை கேட்ட சரிபாதி

“கல்யாணப் புஸ்தகத்தில கையொப்புப் போடுததுக்காக்கும் இவளைப் படிக்க வைக்குதிய? அதுக்குக் கைவிரலு போராதா?”

என் மாமன் என் அப்பாவிடம் ஒருநாள் இப்படிக் கேட்டார். மாமன் என்றால் அம்மையின் அண்ணன். எங்கள் முற்றத்தில், மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். அப்பா வண்டிக்காரர். மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே, “விரலு கறையாவுமே அத்தான்” என்றார். மறுநாளும் நான் பள்ளிக்கூடம் போனேன்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பாறசாலைப் பள்ளிக்கு நடந்துபோன சிரமத்தைப் போன வாரமே எழுதிவிட்டேன். அந்தப் படிப்பு முதன்முதலாக ஒரு காரியத்துக்கு உதவியதை இந்த வாரம் சொல்கிறேன். ஆனால் இது என் வீரப்பிரதாபம் அல்ல. என் சின்னம்மை நேசத்தின் கதை.

ஜெபம் முடிந்த பிற்பகல்

சின்னம்மை என் அம்மையின் தங்கை. என் பாட்டாவுக்கு மூன்று மக்கள்: மூத்தவர் மாமன், நடுவில் என் அம்மை, கடைசியில் சின்னம்மை. அம்மைக்குக் கல்யாணத்தின்போதே பாட்டா ஒரு துண்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தோட்டம். மேல்பாதி ரோட்டை ஒட்டியது. அங்கே மாமன் சொந்தமாக ஓட்டு வீடு கட்டியிருந்தார். கீழ்ப்பாதியில் பாட்டாவின் பழைய ஓலை வீடும் ஒரு கிணறும். அந்த ஓலை வீட்டில்தான் சின்னம்மை தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்து, பாட்டாவைக் கடைசி வரை கவனித்துக்கொண்டாள்.

பாட்டா உயில் எழுதவில்லை. எங்கள் ஊரில் உயில் எழுதச் சொன்னால் சாகச் சொன்ன மாதிரி.

பாட்டாவின் அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த ஓலை வீட்டில் ஜெபம் வைத்தார்கள். போதகர் கிளம்பியாயிற்று. அவலும் பழமும் தின்ற இலைகளைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. மழை வரப்போகிற புழுக்கம். சின்னம்மை சாயாக் கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, நாம பங்கு வைக்கண்டாமா?”

மாமன் பல்குத்திக்கொண்டிருந்த ஈர்க்கை எடுத்தார். “பங்கா? எட்டி, உனக்குச் சீதனம் தந்தாச்சே.”

“ரெண்டு பாத்திரமும் ஒரு கம்மலும். அது சீதனமாக்கும். நான் கேட்டது பங்கு.”

“பெண்மக்களுக்குக் கால்பங்குதான் சட்டம். பத்திரம் எழுதுத எழுத்துக்காரருட்ட கேட்டுட்டு வந்தேன். கிழக்கால பாறை ஓரத்தில உனக்கு வச்சுத் தாறேன். இந்த ஓலை வீட்டைப் பிரிச்சிட்டு இங்க தென்னை வைக்கணும்.”

அந்தப் பாறை ஓரத்தை நான் அறிவேன். ஆடு கட்டினால் ஆடு சறுக்கும்.

என் அம்மை தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். அண்ணனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சின்னம்மை மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. “பாறையில நான் பாய விரிச்சுக் கிடப்பேன். சிலோன்ல இருந்து வாற மனுஷனை எங்க கிடத்துவேன்?” என்றாள்.

வந்தால் வந்ததுதான்

அவளுடைய அவசரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

சின்னம்மையின் கணவர், என் சித்தப்பா, கொழும்பில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். எங்கள் பக்கத்தில் அப்படிப் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். முன்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தனுஷ்கோடி வழியாகத் தகரப் பெட்டியோடு வந்து இறங்குவார். பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்கச் சோப்பு மணக்கும். ஒரு மாதம் தங்குவார், மறுபடி கப்பல்.

இரண்டு நாடுகளுக்கும் சுதந்திரம் வந்த பிறகு அந்தப் போக்குவரத்து சிக்கலாகிவிட்டது. பாஸ்போர்ட், பெர்மிட், தவணை என்று புதுப்புது வார்த்தைகள் எங்கள் ஊருக்குக் கப்பலேறி வந்தன. பெர்மிட் தீர்ந்தபின் ஊருக்கு வந்தவரை மறுபடி அங்கே விடமாட்டார்கள். சித்தப்பாவின் பெர்மிட்டும் தீரப்போகிற சமயம் அது. வந்தால் வந்ததுதான். இங்கே வீடும் கால் ஊன்ற மண்ணும் இருந்தால் வரலாம். இல்லாவிட்டால் எப்படியாவது அங்கேயே ஒளிந்தும் மறைந்தும் கிடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அப்பன் முகம் மறந்துபோகும்.

சிலோன் கடுதாசிகளை வாசிக்கவும், மனுக்களை நிரப்பவும் எங்கள் தெருப் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள். ‘எந்த நாட்டவர்?’ என்ற இடத்தில் ஒரு அக்காள், “திருவிதாங்கூருண்ணு போடு மக்கா” என்றாள். அப்படி ஒரு நாடு இப்போது இல்லை என்று நான் சொன்னேன். அவள் திடுக்கிட்டுப் போய், “அய்யோ, எப்பப் போச்சுது? ஒருத்தரும் சொல்லல்லியே!” என்றாள். சாவுச் செய்தி கேட்டவள் போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

எல்லை விழும் முன்னே

அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் நிலம் பற்றிய பேச்சு எதுவுமே எல்லை பற்றிய பேச்சில்தான் போய் முடியும். தமிழ் பேசும் தாலுகாக்கள் பழைய திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம். சந்தையில் கூட்டம், சுவரெல்லாம் கரி எழுத்து, ரோட்டில் போலீஸ் வண்டி. விளவங்கோடு அந்தப் பக்கம் போகும் என்றார்கள். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் எது போகும், எது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கோழி கூவினால்கூட அது தமிழில் கூவியதா மலையாளத்தில் கூவியதா என்று கேட்பார்கள்.

இதற்கிடையில் ஒரு வதந்தி கிளம்பியது. எல்லை விழுந்துவிட்டால் மலையாளத்தில் எழுதிய ஆதாரப் பத்திரம் அந்தப் பக்கம் செல்லாதாம். பழைய பங்கு, பழைய உயில் எல்லாம் போய்விடுமாம். உடனே பத்திரம் பதிகிற அலுவலகமான பதிவுக் கச்சேரி வாசலில் திருவிழாக் கூட்டம். வேண்டியவர்களும் எழுதினார்கள், வேண்டாதவர்களும் எழுதினார்கள். கள்ளிக்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஒரு மகனுக்கு அங்கேயும் இன்னொரு மகனுக்கு விளவங்கோட்டிலுமாக நிலம் எழுதி வைத்தார். எல்லை எங்கே விழுந்தாலும் ஒருத்தன் தப்புவான் என்று கணக்கு. மகன்கள் இருவரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். பாவம், இப்போது ஒருவரையொருவர் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும்.

மாமனும் அந்த அவசரத்தில்தான் இருந்தார். அவர் போராட்டத்தில் தீவிரமான ஆள். கொடி பிடித்தவர், ஒரு இரவு போலீஸ் லாக்கப்பில் இருந்தவர். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் எழுத்துக்காரர் அவரிடம் சொன்ன ‘கால்பங்கு’, வடக்கே கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கத்தை ஒட்டி எழுந்த சட்டம். அவர்கள் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்து அனுப்புவார்கள். நிலம் மகன்களுக்கு நிற்கும். மகள் கேட்டால் மகன் பங்கில் கால், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. எங்கள் தெற்கத்திச் சபைகளில் காரியம் அப்படி நடந்ததே இல்லை.

சின்னம்மைக்குச் சட்டம் தெரியாது. இது மட்டும் தெரியும். ஒருநாள் மாமன் கூட்டம் முடிந்து தொண்டை கட்டி வந்தபோது, ரோட்டிலேயே வைத்துக் கேட்டுவிட்டாள்.

“சந்தையில நிண்ணு தமிழு தமிழுண்ணு விளிக்குதிய. வீட்டுக்கு வந்தா மட்டும் கோட்டயத்துக்காரங்க நியாயமாக்கும்?”

சாயாக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமனுக்குக் கோபம் தலைக்கேறியது. “கேஸு கொடு போ. வக்கீலுக்க காலில போய் விழு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சின்னம்மை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பிள்ளே, நாளைக்கு உனக்குப் பள்ளிக்கூடம் உண்டா?”

“பரீட்சை முடிஞ்சாச்சு சின்னம்மே.”

“அப்பம் வா. நெய்யாற்றின்கரைக்குப் போவோம். காலில விழ இல்ல. கேக்க.”

எங்கள் தாலுகாவின் பெயர்

வக்கீலின் அறையில் மின்விசிறி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது, காற்றுதான் வரவில்லை. அவர் மலையாளி, தமிழும் நன்றாகப் பேசுவார். சின்னம்மை ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு எழுந்து, அலமாரியில் இருந்து பழைய சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பக்கம் புரட்டி என் பக்கமாகத் திருப்பினார்.

“பள்ளிக்கூடத்துக் குட்டியல்லே? வாயிச்சு நோக்கு.”

இங்கிலீஷ். வாசித்துப் பார் என்றால் வாசிக்கத்தானே வேண்டும். முதல் தடவை பாதிதான் புரிந்தது. நீண்ட வாக்கியம், முடிவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். இரண்டாம் தடவை விரலை வைத்து வாசித்தேன். அந்தச் சட்டத்தின் கால்பங்கு விதி சில கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது என்று எழுதியிருந்தது. எந்தக் கிறிஸ்தவர்கள்? சில தாலுகாக்களில் வாழும் சில புராட்டஸ்டண்டுகள். தங்கள் வழக்கப்படி ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு எடுப்பவர்கள். கீழே தாலுகாக்களின் பெயர்கள். அதில் நெய்யாற்றின்கரை.

நான் பிறந்து வளர்ந்த தாலுகா. அதன் பெயரை ஒரு தடித்த சட்டப் புத்தகத்தில், அதுவும் எங்கள் பெண்களுக்குச் சாதகமாக, அச்சில் பார்த்தேன். சின்னம்மைக்குத் தமிழில் சொன்னேன்.

“இது எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றாள் அவள் சாதாரணமாக. “புஸ்தகத்துக்கும் தெரியுமாக்கும்! நல்லது.”

வக்கீல் சிரித்தார். பிறகு, “ஒரு காரியம் உண்டு. உங்கள் கூட்டத்தில் அப்படி வழக்கம் உண்டு என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். புத்தகம் வந்து சாட்சி சொல்லாது. பங்கு வாங்கின பெண்கள் வந்து வாய் திறந்து சொல்ல வேண்டும்” என்றார்.

திரும்பி வரும்போது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் சபைப் பெண்கள் சங்கீதம் பாட மட்டுமே சத்தமாக வாய் திறப்பவர்கள். அடுத்த சில நாட்கள் நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “எனக்கும் உண்டு மக்கா, அப்பன் தந்தது. ஆனா நாலு பேரு முன்ன என்னைச் சொல்லச் சொல்லாதே” என்றே எல்லாரும் சொன்னார்கள். கோர்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஒருத்தி அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டில் மாடே கிடையாது.

சின்னம்மை கலங்கவில்லை. “கோர்ட்டுக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை சபைக் கோயிலுக்கு எல்லாரும் வருவாவல்லா?” என்றாள்.

பெண்கள் பக்கம்

எங்கள் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் பாயில் உட்காருவோம். ஆராதனை முடிந்தபின் சபைக் காரியங்களைப் பேச ஆண்கள் இருப்பார்கள். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அந்த ஞாயிறு சின்னம்மை கிளம்பவில்லை. எழுந்து நின்று, “அய்யா, எனக்கு ஒரு காரியம் கேக்க உண்டு” என்று போதகரைப் பார்த்துச் சொன்னாள்.

கிளம்பிய பெண்கள் அப்படியே நின்றார்கள்.

மாமன் சபையில் டீக்கன், நிர்வாகிகளில் ஒருவர். முன்வரிசையில் இருந்தார். சின்னம்மை தன் வழக்கை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அப்பன் உயில் எழுதவில்லை. அண்ணனுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு வேண்டும், அதுதான் நம் வழக்கம். போதகர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. மாமனைப் பார்த்தார்.

மாமன் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழகிய குரல். “வழக்கம் வழக்கம்ணு சொல்லுதா. எந்தப் பெண்ணு இங்க ஆணுக்கு ஒப்பம் பங்கு வாங்கினா? ஒருத்தி எழும்பட்டும், பாப்போம்.”

ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளை ஒன்று சிணுங்கியது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். சின்னம்மை பெண்களைத் திரும்பிப் பார்த்துக் கெஞ்சவில்லை. நேராகவே நின்றாள்.

அப்போது ஒரு வளையல் சத்தம். என் மாமி, மாமனின் மனைவி, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மாமி வீட்டிலேயே அதிகம் பேசாதவள். அவளுக்குச் சொந்த ஊர் காட்டாக்கடைப் பக்கம்.

“நான் வாங்கினேன்” என்றாள்.

மாமன், “நீ இரி” என்றார்.

“இருக்கேன். சொல்லீட்டு இருக்கேன். காட்டாக்கடையில இப்பம் நீங்க மரச்சீனி நட்டிருக்கிய. அது ஆருக்க மண்ணு? எங்க அப்பன் செத்தப்பம் ரெண்டு அண்ணன்மாருக்கும் எனக்கும் மூணா வச்சதில ஒண்ணு. அண்ணன்மாரு ஒரு சொல்லு சொல்லல்ல.” மாமனை நேராகப் பார்த்தாள். “இண்ணைக்கு நீங்க செயிச்சா நாளைக்கு அவிய இங்க வந்து நிப்பாவ. ‘கால்பங்கு எடுத்துட்டு மிச்சத்தைத் தா’ம்பாவ. மரச்சீனியைப் பிடுங்கிக் குடுப்பியளா?”

ஆண்கள் பக்கத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம் உடைந்தது. “எனக்குக் குளத்தங்கரைத் துண்டு.” “எனக்கு அஞ்சு பனையும் அதுக்க அடியும்.” “எங்க வீட்டுல அக்காளுக்கும் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே அளவுக் கயிறு.” பால் பொங்குகிறது என்று உள்ளே போனவள்தான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள். கணவன்மார் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர், நான் பார்த்தேன், பெருமையாகத் தலையாட்டினார்கள். இந்த வழக்கம் அவர்கள் எல்லாருடைய சோற்றிலும் இருந்தது. இதுவரை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

மாமன் பெண்கள் பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “எழுத்துக்காரரு சொன்னதை நம்பிப் போட்டேன்” என்றார். “சரி. பங்கு வைப்போம்.”

சபை நடுவில் தோற்றதை நாலுபேர் முன் ஒத்துக்கொள்ள ஒரு பெரிய மனசு வேண்டும். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கயிறு பிடித்த நாள்

பங்கு வைப்பதிலும் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மூத்தவர் பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். தனக்கு மிஞ்சுவதுதான் கிடைக்கும் என்று தெரிந்த கை கயிற்றை வளைத்துப் பிடிக்காது. இதைவிட நேர்மையான அளவுகோலை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் இன்னும் பார்க்கவில்லை.

மாமன் நேர்மையாகத்தான் பிரித்தார். மேல்பாதிக்கு ரோடு; கீழ்ப்பாதிக்குக் கிணறும் ஆறு பலாவும். மாமனின் ஓட்டு வீடு நிற்பது மேல்பாதியில். முதலில் எடுப்பவள் சின்னம்மை. அவள் மேல்பாதியைக் கேட்டால் மாமன் சுவரைப் பெயர்த்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். ரோட்டோரம் என்பதால் சித்தப்பா ஒரு ரொட்டிக் கடையே போட்டுவிடலாம். மாமி வீட்டு நடையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னம்மை மேலே ஒரு தடவை பார்த்தாள். “எனக்குக் கீழது மதி, அது போரும்” என்றாள்.

மாமன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

பாகபத்திரம் எழுதப் பதிவுக் கச்சேரிக்குப் போனோம். எழுத்துக்காரர் மலையாளத்தில் வாசித்துக் காட்டினார். அதே எழுத்துக்காரர்தான். நான் கூர்ந்து கேட்டுவிட்டு, “வழி எழுதல்லியே” என்றேன். கீழ்ப்பாதியிலிருந்து ரோட்டுக்கு வர மேல்பாதி வழியாகத்தான் வர வேண்டும்.

“அண்ணன் தங்கச்சிக்கு வழி மறிப்பாரா குட்டி?” என்று அவர் கேலியாகக் கேட்டார்.

“மாமா மறிக்க மாட்டாவ. மாமாவுக்க பேரப்பிள்ளை வேற ஆளுக்கு வித்தா?”

எழுத்துக்காரர் பேனாவைக் காதில் செருகினார். மாமன் அவரைப் பார்த்து, “எடுத்து எழுதும் ஓய். பிள்ளை சொல்லுதது சரி. வண்டி போற அகலத்துக்கு எழுதும்” என்றார்.

வண்டி போகிற அகலம்! நான் ஆள் நடக்கிற வழிதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் நடந்தவை

சித்தப்பா மழைக்காலத்துக்கு முன் வந்து சேர்ந்தார். தகரப் பெட்டியோடு ரொட்டி சுடும் அச்சுகளும் வந்தன. கூரையில் புது ஓலை. கீழ்ப்பாதியில் அடுப்பு வைத்தார். விடியற்காலையில் அந்த வாசனை வண்டிப்பாதை வழியாக மேலேறி மாமன் வீட்டு ஜன்னலுக்குள் போகும். முதல் ரொட்டி அங்கேதான் போகிறது.

எல்லையும் ஒருவழியாக விழுந்தது. விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கம், மலையாள நாட்டோடு நின்றோம். மாமன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மலையாளத்தில் எழுதிய ஆதாரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இருபுறத்திலும்.

எனக்குத்தான் ஒன்று ஆகிவிட்டது. அந்தக் கச்சேரி வாசலில் எத்தனையோ பெண்கள் தங்களுக்குப் புரியாத பத்திரத்தில் விரல் பதித்துவிட்டுப் போவதைப் பாகபத்திரம் எழுதிய அன்று பார்த்தேன். அந்தக் காட்சி தூங்கவிடவில்லை. எழுத்துக்காரர் வேலைக்கு மனு கொடுத்தேன். “பெண்ணா?” என்று கேட்டார்கள். “பெண்தான்” என்றேன். பத்திரம் எழுதிக் காட்டச் சொன்னார்கள், எழுதிக் காட்டினேன். அனுமதி வரத் தாமதமானது. ஆனால் வந்தது.

போன மாதம் முதல் கச்சேரிக்கு எதிரே ஒரு சின்ன அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் அம்பூரி மலையிலிருந்து ஒரு பெண் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கணவன் இல்லை. தன் பேரில் உள்ள ரப்பர்த் தோட்டத்தை மகனுக்கும் இரண்டு பெண்மக்களுக்கும் சமமாக உயில் எழுத வேண்டுமாம். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“எழுத்துக்காரரு எப்பம் வருவாரு மக்கா?”

“வந்தாச்சு. நானாக்கும்” என்றேன். “உள்ளே வந்து இருங்க.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பேனாவைத் திறந்தேன்.